வழிந்த மாவு

காலையில் எழுந்து பார்த்தால் இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்து கிடக்கிறது. மதுரை சித்திரை வெக்கை, ராத்திரியிலும் விடுவதில்லை.

அதே மாவில் பாதியை ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். அது அப்படியே இருக்கிறது.

"குளிர்ல அது தூங்கிப்போகும்டா" என்றார் அம்மா.

ஆனால் குளிரில், மாவைப் பொங்க வைப்பது போன்ற பாக்டீரியாவுக்கு உள்ளே பெரிய பாடு. செல்லுக்குள் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோமின் எலும்புக்கூடு, டிஎன்ஏவின் உறவான ஆர்என்ஏ இழைகள்தான், தமக்குள் தாமே மடங்கி, மெக்னீசியத்தின் துணையோடு உருவம் பிடித்து நிற்கின்றன. குளிர் கூடினால் தப்பாக மடிந்த இடமும் இறுகிவிடும். அதை அவிழ்த்துவிடவே ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்கள் தனிப் புரதங்களைச் செய்கின்றன. எனக்கு இது பெரிய ஆச்சரியம்!

சூட்டில் நேர்மாறு, சரியான மடிப்பே அவிழப் பார்க்கும். ஆர்என்ஏவின் எழுத்துகள் ஏ, யூ, ஜி, சி என நான்கு, அவை இணை இணையாகச் சேர்ந்துதான் மடிப்பு நிற்கிறது. வெந்நீர் ஊற்றில் வாழும் பாக்டீரியாக்களின் ரைபோசோம் ஆர்என்ஏ மடிப்புகளில் ஜி-சி இணைகள் அதிகம். ஏ-யூ இணைக்கு 2 ஹைட்ரஜன் பிணைப்பு, ஜி-சிக்கு 3, அதனால் பிடி இறுக்கம்.

அப்புறம், நம்ம சிதம்பரத்தில் பிறந்த விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணன் குழு 2000இல் ரைபோசோமின் சிறிய பாதியை அணு அணுவாகக் காட்டியதும் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்ற அப்படியொரு சூடுவிரும்பியை வைத்துத்தான். 2009இல் அவருக்கு நோபல் வந்தது.

மேடையைத் துடைக்க இன்று ரொம்ப நேரம் ஆனது.