நாற்காலியில் உட்கார்ந்தால் பார்ப்பதுதான் வேலை

நீச்சல் குளத்தில் ஆட்களைக் காக்கும் லைஃப்கார்டு வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் நீந்தத் தெரியும். பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. தண்ணீரில் குதிப்பது எப்போதாவதுதான்; மற்ற நேரமெல்லாம் கண்ணுக்குத்தான் வேலை.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று எதிர்பார்த்தால் ஆளைக் கோட்டைவிட்டுவிடுவோம். மூச்சிழுக்கவே நேரமில்லாதவருக்குக் குரல் எங்கிருந்து வரும்? உடம்பு செங்குத்தாக நிற்கும். கால் உதைக்காது. கைகள் இரண்டும் பக்கவாட்டில் நீரை அழுத்தும். வாய் மட்டும் மேலே வந்து வந்து அமிழும். முடி கண்ணை மறைத்தாலும் ஒதுக்கக் கை வராது. இப்படி 20 முதல் 60 விநாடி வரை. பிறகு உள்ளே போய்விடுவார். கத்த முடிகிறவரும் ஆபத்தில்தான் இருக்கிறார், ஆனால் அவருக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் உண்டு.

பல குளங்களில் 10/20 விதி வைத்திருப்பது இதற்காகத்தான்: 10 விநாடிக்குள் ஆபத்தைக் கண்டுகொள்ள வேண்டும், அடுத்த 20 விநாடிக்குள் ஆளிடம் போய்ச் சேர வேண்டும். பார்வை குளத்தின் அடித்தரையில் தொடங்கி மேலே வரட்டும். நாற்காலிக்கு நேர் கீழே இருக்கும் இடம்தான் அடிக்கடி விடுபடும். வெயில் பளபளப்பில் தரை தெரியாவிட்டால் எழுந்து இடம் மாறுங்கள். அடியில் கருப்பாக ஏதோ தெரிந்தால் துண்டாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் பாருங்கள். வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு முங்குகிறவர்கள் மேல் தனிக் கண் வேண்டும். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து மயங்கிவிடுவார்கள். பெரும்பாலும் நல்ல நீச்சல்காரர்கள்தான் இதில் சிக்குகிறார்கள்.

அரைமணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் கண் திறந்திருக்கும், கவனம் இருக்காது. ஆள் மாறும்போதும் ஒருவர் கண் தண்ணீரில் இருந்தாக வேண்டும்.

ரெஸ்க்யூ ட்யூப் என்ற நீள மிதவையின் பட்டை தோளில் குறுக்காகக் கிடக்க, மிச்சக் கயிற்றைச் சுருட்டிக் கையில் பிடியுங்கள். தொங்கவிட்டால் குதிக்கும்போது நாற்காலிப் படியில் மாட்டும். மூழ்குகிறவரைப் பின்னாலிருந்து நெருங்குவது நல்லது: இரு கைகளையும் அவர் அக்குளுக்கு அடியில் விட்டுத் தோளைப் பிடித்து, ட்யூப் உங்கள் மார்புக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் இருக்கும்படி பின்னால் சாயுங்கள். உங்கள் தலை ஒரு பக்கமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர் தலை மூக்கை உடைத்துவிடும். மிதவை இல்லாமல் வெறுங்கையோடு நெருங்கவே கூடாது.

கரையேற்றியதும் ஆள் மூச்சில்லாமல் கிடந்தால் முதலில் கொடுக்க வேண்டியது காற்று. இங்கே மூச்சு நின்றுதான் இதயம் நிற்கிறது. மார்பை மட்டும் அழுத்தினால் போதாது. பெற்ற பயிற்சிப்படி 2 அல்லது 5 மூச்சு, பிறகு 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 செ.மீ.; வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கச் சொல்லிச் சுற்றியிருப்பவர்கள் கத்துவார்கள். செய்யாதீர்கள், வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி வந்தால் ஒருக்களித்துத் துடைத்துவிட்டுத் தொடருங்கள். வாயில் வரும் நுரையைத் துடைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், அது வந்துகொண்டேதான் இருக்கும். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியை ஒட்டுமுன் மார்பு ஈரம் போகத் துடைக்க வேண்டும்.

பிழைத்து எழுந்தவர் “எனக்கு ஒண்ணுமில்லை” என்று வீட்டுக்குக் கிளம்பப் பார்ப்பார். சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறல் வரலாம் என்பதை எடுத்துச் சொல்லி, ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புங்கள்.