காதில் அழுக்கு என்றார்கள், நரம்பில் இருந்தது கோளாறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததுமே அம்மா, "இடது காதுல ஒரே இரைச்சலா இருக்குடா, போன் வெச்சா ஒண்ணுமே கேக்கல" என்றார். முந்தின ராத்திரி வரை நன்றாக இருந்த காது. சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

திங்கட்கிழமை குடியாத்தத்தில் ஒரு கிளினிக். அங்கிருந்தவர் காதுக்குள் லைட் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. "அழுக்கு அடைச்சிருக்கும், அஞ்சு நாள் சொட்டு மருந்து விடுங்க, ஊறினதும் எடுத்துடலாம்." எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான். மூன்று நாள் வீணாகப் போனது. நடுவில் பக்கத்து வீட்டு அக்கா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வந்தார். நல்லவேளை, அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

வியாழக்கிழமை வேலூருக்கு பஸ் ஏறினோம். பெரிய ஆஸ்பத்திரியில் மதியம் வரை உட்கார்ந்த பிறகு, "புது ஓபி முடிஞ்சுது, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கவுண்ட்டரில் "காது கேக்கல" என்று மட்டும் சொன்னது என் தப்பு. மறுநாள், "திடீர்னு கேக்காம போச்சு, இன்னிக்கு ஆறாவது நாள்" என்று சொன்னேன். நர்ஸ் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். பத்தே நிமிஷத்தில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். யாருக்காவது இப்படி ஆனால் 'திடீர்' என்ற சொல்லையும் நாள் கணக்கையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் காதுக்குள் பார்த்தார். அழுக்கே இல்லை. அப்புறம் கவை மாதிரி இருந்த ஒரு இரும்பை முழங்கையில் தட்டி, அதன் காம்பை அம்மாவின் நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் சத்தம் கேக்குது?" என்றார். அம்மா வலது காதைத் தொட்டுக் காட்டினார். அடைப்பாக இருந்தால் சத்தம் அடைத்த பக்கம்தான் கேட்குமாம். நல்ல காதுப் பக்கம் போனால் உள்காதிலோ நரம்பிலோ கோளாறு. இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தில் வலது காதின் சிவப்பு வட்டங்கள் மேலே இருக்க, இடது காதின் நீலப் பெருக்கல் குறிகள் 70 டெசிபலுக்கு இறங்கிக் கிடந்தன. 25 வரை இயல்பு, எண் கூடக்கூடக் கேட்பது குறைவு. முதல் இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு கொடுத்தால்தான் பலன் நன்றாக இருக்கும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றார் டாக்டர். மாத்திரை எழுதப் போனவர், அம்மாவுக்குச் சர்க்கரை என்றதும் பேனாவை நிறுத்தினார். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். ரிப்போர்ட்டோ வீட்டு பீரோவில்! திரும்ப ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். சர்க்கரை அதிகமாக இருந்ததால் மாத்திரைக்குப் பதில் செவிப்பறை வழியாக ஊசி போட்டார்கள். போட்டதும் அரை மணி நேரம் பேசாமல், எச்சில்கூட விழுங்காமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அம்மா என் கையைப் பிடித்தபடி படுத்திருந்தார்.

நரம்பில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. வாரம் ஒன்றாக மூன்று ஊசி. கடைசி ஆடியோகிராமில் 40. இரைச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் நேற்று சென்னையிலிருந்து தங்கை கூப்பிட்டபோது, அம்மா போனை இடது காதில் வைத்துத்தான் பேசினார்.