ரவான் சூடேறும் வரை

மொரிஷியஸில் மேடை ஒலியமைப்பு வேலை பார்க்கிறவர்களுக்கு ரவானைத் தெரியாமல் இருக்காது. மர வளையத்தில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டிய அகலமான தோல்கருவி. ஈரக்காற்று பட்டால் தோல் தொய்ந்துவிடும். நெருப்பில் காட்டினால் இறுகி நாதம் ஏறும். பறை காய்ச்சுவதைப் பார்த்த நம்மவர்களுக்கு இது புதிதல்ல. அதே ரவான் இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவோடு ஒரே மேடையில் உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

போர்ட் லூயிஸில் நான் ஒலி பார்த்த ஒரு கச்சேரி அப்படிப்பட்டது. நால்வர் தந்திக்குழு, அக்கார்டியன், ரவான், கரும்புப்பூத் தண்டுகளால் செய்து உள்ளே விதைகளை நிரப்பிய மரவான், இரும்பு முக்கோணம். செகாவும் ஐரோப்பிய சேம்பர் இசையும் கலந்த நிகழ்ச்சி. மொரிஷியஸுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடம் பிறந்த இசை செகா. 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. பட்டியலில் ஏறியதாலேயே மேடையில் மரியாதை கிடைத்துவிடாது. கலப்பிசை என்று விளம்பரம் செய்யும் பல நிகழ்ச்சிகளில் நாட்டுப்புறக் கருவி இலையோரத்து ஊறுகாய்தான்.

அரங்குக்குள் தீ மூட்ட அனுமதி இல்லை. செயற்கைத் தோல் ரவான் போதுமே, சுருதியும் இறங்காதே என்றார்கள் ஏற்பாட்டாளர்கள். நான் ஒப்பவில்லை. அதன் அடி கூர்மையாகத் தெறித்து உடனே அடங்கிவிடும். ஆட்டுத்தோலின் அடி செல்லோவுக்குக் கீழே தரைபோல விரியும். கடைசியில், சாமான் இறக்கும் பின்முற்றத்தில் ஒரு தகர வாளியில் தீ மூட்டினோம். ஒரு ரவான் மேடையில், இன்னொன்று வாளியருகே. ரவான் வாசித்த பெரியவரை எல்லோரும் 'தொந்தோன்', அதாவது மாமா, என்றுதான் கூப்பிட்டோம். தோலை விரலால் சுண்டிப் பார்த்தே, இன்னும் எத்தனை பாட்டுக்குத் தாங்கும் என்று அந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லிவிடுவார்.

ரவானுக்கு நான் மைக் வைக்கவில்லை. செல்லோவுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி உட்காரவைத்தேன். சின்ன அரங்கு, அதன் சொந்த ஒலியே கடைசி வரிசை வரை போனது. தந்திகளைத்தான் மைக்கில் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன்.

தாளம் அதைவிடக் கடினம். செகாவை 6/8 என்று எழுதலாம். மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரம் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். ஆனால் அழுத்தம் எங்கே சாய்கிறது என்பது தாளில் வராது. முதல் ஒத்திகையில் நால்வரும் எழுதியதை எழுதியபடியே வாசித்தார்கள். ஒரு சுரமும் பிசகவில்லை, ஆட்டம் மட்டும் வரவில்லை. அப்புறம் செல்லோ வாசித்த பெண் நாற்காலியைப் பாதி திருப்பிப் போட்டுக்கொண்டு தொந்தோனின் மணிக்கட்டையே பார்த்து வாசித்தாள். மற்ற மூவரும் அவள் வாசிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை வருட வேலையில் நான் கேட்ட நல்ல கலப்பெல்லாம் இப்படித்தான் அமைந்தது: எழுதிப் படித்தவர் எழுதாதவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

நிகழ்ச்சியின் பிற்பாதியில், ஒரு பாட்டின் நடுவிலேயே தோல் தொய்ந்தது. தொந்தோன் வாசிப்பதை நிறுத்திக் கையை உயர்த்தினார். முதல் வயலின் கலங்கவில்லை. இருந்த சுரத்தையே நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் கடைசி வரியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். உதவிப் பையன் சூடான ரவானோடு ஓடி வந்தான். முதல் அடி விழுந்ததும் அரங்கில் எழுந்த ஆரவாரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அந்த இடத்தைக் குழு இப்போது இசைத்தாளிலேயே சேர்த்துவிட்டது. எத்தனை சுற்று என்ற கணக்கு இல்லை. ரவான் வரும் வரை. என் ஒலிப்பலகைக் குறிப்பிலும் எழுதி வைத்திருக்கிறேன்: அங்கே வயலினை ஏற்றக் கூடாது, அவர்களாகவே தணிந்து வாசிக்கிறார்கள்.