பொறி பறக்காத மஸ்கட்: பட்டறை நாட்குறிப்பு

ஜனவரி 9

எங்கள் போர்க்கள மறுநிகழ்த்தல் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி, கைமாறி வாங்கிய ஒரு பிரவுன் பெஸ்ஸை, அதாவது 18-ம் நூற்றாண்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுமந்த, கல் உரசிப் பற்றவைக்கும் மஸ்கட் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேசையில் கிடத்தினான். அசல் அல்ல, மறுஆக்கம். “அண்ணா, புதுக் கல் போட்டுப் பார்த்துட்டேன். குதிரை நல்லா விழுது, ஆனா பொறியே வரமாட்டேங்குது.”

குதிரை என்பது கல்லைக் கவ்விக்கொண்டு அடிக்கும் சுத்தியல், லாக் என்பது அது இருக்கும் பொறியெழுப்பும் அமைப்பு. லாக்கைத் தொடுவதற்கு முன்னால் குழலைப் பார்த்தோம். மருந்தை இடிக்கும் நீண்ட கோலைக் குழல் வாய் வழியாக அடிவரை இறக்கி, விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். அப்புறம் கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்புக்கு நேராக இருக்கும்படி குழலின் மேல் வைத்தால், நுனி தீத்துளை வரை, அதாவது நெருப்பு உள்ளே போகும் துளை வரை வர வேண்டும். விரலளவு முன்னதாகவே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் குழல் காலிதான். எத்தனை வருடம் சுவரில் தொங்கியிருந்தாலும், யார் கையிலிருந்து வந்தாலும், இதைச் செய்யாமல் நான் திருகாணியில் கை வைப்பதில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-ல் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பிறகு களத்தில் பொறுக்கிய 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் சுமார் 24,000 நிரப்பிய நிலையில் இருந்ததாக அந்தக் காலக் கணக்கு சொல்கிறது. அவற்றில் பாதியில் இரண்டு தோட்டாக்கள். பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சுடும் சத்தத்தில் தன்னுடையது வெடித்ததா என்றே தெரியாமல் சிப்பாய் மறுபடி நிரப்பியிருக்கிறான். வரிசையில் நின்று குண்டில்லாமல் வெற்றுவெடி சுடும் நமக்கும் அதே ஆபத்து உண்டு. பொறி பறக்காத லாக்கை நான் வெறும் எரிச்சலாகப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

ஜனவரி 12

லாக் தகட்டில் ‘கிரைஸ் 1762’ என்று செய்தவர் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கிறது. குழல் நீளம் 42 அங்குலம், வாய் விட்டம் 0.75 அங்குலம். வரலாற்றை நெருங்கிப் பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்து நிற்பது உறுத்தும். பிரிட்டிஷ் காலாட்படையிடம் அதுவரை இருந்தது 46 அங்குல நீளக் குழல். 42 அங்குலத்தை அதற்கு ஏற்றது 1768-ல். 39 அங்குலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செய்த மாதிரி இன்னும் பிந்தியது, 1790-களில்தான் பிரிட்டிஷ் ராணுவமே அதை எடுத்துக்கொண்டது. ஆகவே எந்த ஆண்டின் போரை நடத்துகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுத் துப்பாக்கி தேடுவதே சரியான வரிசை. பலர் துப்பாக்கியை வாங்கிவிட்டு அதற்குப் பொருத்தமான போரைத் தேடுகிறார்கள்.

நவீன எழுத்துகளை அரத்தால் தேய்த்து எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டான். தயாரிப்பாளர் பெயரைக் குழலின் அடிப்பக்கம் மறைப்பது வேறு. ஆனால் வரிசை எண்ணையும் சோதனை முத்திரையையும் தொடவே கூடாது. எண்ணை அழிப்பது பல நாடுகளில் குற்றம். முத்திரையோ, கூடுதல் வெடிமருந்து வைத்துச் சுட்டுப் பார்த்தும் குழல் தாங்கியது என்பதற்கான ஒரே அத்தாட்சி. பர்மிங்காமில் 1813-லிருந்து இதற்கென்றே ஒரு சோதனைக் கூடம் இருக்கிறது. இத்தாலியின் கார்டோனேயில் செய்யும் மறுஆக்கங்களும் இப்படி முத்திரை வாங்கித்தான் வெளியே வருகின்றன. பத்தடி தூரத்தில் நிற்கும் பார்வையாளர் கண்ணுக்கே தெரியாத ஒரு முத்திரைக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஜனவரி 18

இன்று முழுக்க லாக்.

பொறி கல்லிலிருந்து வருவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பொறி எஃகினுடையது. சிக்கிமுக்கிக் கல்லின் கூர் விளிம்பு, பிரிசன் எனும் எஃகுத் தகட்டின் முகத்திலிருந்து நுண்ணிய துகள்களைச் சீவுகிறது. அந்தத் துகள்கள் காற்றில் பற்றியெரிந்து கீழே உள்ள மருந்துக் கிண்ணத்தில் விழுகின்றன. முகம் மிருதுவாக இருந்தால் கல் அதை உழுதுவிடும், பொறி வராது. அளவுக்கு மீறிக் கடினமாக இருந்தால் கல் வழுக்கிக்கொண்டு போகும், பிரிசனும் ஒருநாள் விரிசல் விடும்.

தம்பியின் பிரிசன் முகத்தில் ஆழமான கோடுகள். புது அரத்தை ஓரத்தில் வைத்துத் தள்ளிப் பார்த்தேன். கடினமான எஃகில் அரம் பிடிப்பில்லாமல் சறுக்க வேண்டும், இது கடித்தது. மேல்தோல் மட்டும் கடினப்படுத்திய மென் எஃகு என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. அந்தத் தோல் தாள் கனம்தான் இருக்கும், முந்தைய சொந்தக்காரர்கள் சுட்டுச் சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். எண்ணெயில் குளிர்விக்கும் வைத்தியம் இதற்குப் பலிக்காது, ஏனென்றால் எஃகில் கரியே போதாது. இரண்டு வழி உண்டு. எலும்புக்கரிக்குள் புதைத்து மூடிய பெட்டியில் பல மணி நேரம் சூடேற்றி, மேல்தோலுக்கு மறுபடி கரி ஊட்டுவது ஒன்று. முகத்தில் நல்ல கரி எஃகுத் தகடு ஒன்றை ஒட்டுவது இன்னொன்று. பழைய பட்டறைக்காரர்கள் செருப்புக்குப் புது அடித்தோல் தைப்பது போல இந்த இரண்டாவதைத்தான் செய்தார்கள். எனக்கும் இதுவே பிடிக்கும், நீண்ட காலம் உழைக்கும்.

தகட்டைக் கடினப்படுத்திய பிறகு முகத்தை லேசான வைக்கோல் நிறம் வரும்வரை மட்டும் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தினேன். அச்சில் திரும்பும் வால் பகுதியை நீலம் வரை விட்டேன். உடைவது அந்த இடத்தில்தான், அங்கே கொஞ்சம் வளைந்துகொடுக்கும் தன்மை வேண்டும்.

கழற்றிய கையோடு பாதி நிறுத்தத்தையும் பார்த்தேன். குதிரையைப் பாதியில் நிறுத்தி விசையை அழுத்தினால் அசையக் கூடாது. அசையவில்லை. அசைந்திருந்தால் பொறி எவ்வளவு அழகாகப் பறந்தாலும் அந்தத் துப்பாக்கி வரிசைக்குப் போகாது.

ஜனவரி 19

கல்லை ஈயத் தகட்டில் சுற்றிப் பொருத்தினோம். அந்தக் காலப் படையிலும் பெரும்பாலும் ஈயம்தான். கல்லின் சரிவை மேலாகவோ கீழாகவோ திருப்பி வைத்து, அது முகத்தின் மேல் பகுதியில் பட்டு அடிவரை சீவிக்கொண்டு இறங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இருட்டில் மருந்தில்லாமல் குதிரையை விட்டோம். கிண்ணம் நிறையப் பொறி. “அண்ணா, இன்னொரு தடவை!” என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான், நானும் விட்டுக்கொண்டே இருந்தேன்.

ஜனவரி 26

லாக்குக்குப் பின்னால், குழலைத் தாங்கும் மரக் கட்டையில் ஒரு மயிரிழை விரிசல். பிசின் போட்டு இறுக்குவது சுலபம், ஏன் வந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். குழலின் பின்வாலில் விளக்குக் கரியைப் பூசிக் கட்டையில் அமர்த்தி எடுத்தேன். எங்கே மரத்தைத் தொடுகிறதோ அங்கெல்லாம் கறுப்பு ஒட்டும். கறுப்பு ஒட்டியது ஒரே மூலையில். ஒவ்வொரு வெடியின் உதைப்பையும் அந்த மூலை மட்டும் வாங்கியிருக்கிறது. கறுப்பை மட்டும் சுரண்டி, மறுபடி பூசி, மறுபடி சுரண்டி, பின்பக்கம் முழுவதும் சமமாக உட்காரும் வரை. பொறுமை தேவைப்படும் வேலை, எனக்கு இதைவிடச் சந்தோஷம் தரும் வேலை கிடையாது. மேலே ஆளி விதை எண்ணெய், மெல்லிய பூச்சாக.

பிப்ரவரி 2

களம். வெற்றுவெடிதான், குண்டு கிடையாது, கோலும் குழலுக்குள் போவதில்லை. மருந்தைக் கொட்டியதோடு சரி, மேலே காகிதம் அடைப்பதில்லை. தீத்துளைக்குப் பக்கத்தில் பித்தளைத் தடுப்பு, இல்லாவிட்டால் வலது பக்கம் நிற்பவரின் முகத்துக்கு நெருப்பு போகும். தம்பியின் மஸ்கட் கடைசி வரை வரிசையோடு சேர்ந்தே வெடித்தது.

மாலையில் சுத்தம். கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடக் கழிவாக மிஞ்சுகிறது. அதில் உள்ள உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே இரவில் குழலைத் துருவாக்கிவிடும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். முதலில் தண்ணீர், பிறகு நன்றாக உலர்ந்த துணி, கடைசியில் எண்ணெய். களைப்பாக இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்ற தம்பியை உட்கார வைத்து, துணி வெள்ளையாக வெளிவரும் வரை அவனையே தேய்க்கச் சொன்னேன்.

பிப்ரவரி 8

அடுத்து வரப்போவது 1853 மாதிரி என்ஃபீல்டு. கல்லுக்குப் பதில் அடித்தால் வெடிக்கும் சிறு மூடி (வெடிமூடி), 0.577 அங்குலக் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம். மூடி உட்காரும் முளை பிடித்துக்கொண்டு கழலவில்லையாம். ஊடுருவும் எண்ணெயை இன்றே ஊற்றி வைத்துவிட்டுக் கொண்டுவரும்படி அதன் சொந்தக்காரனிடம் சொல்லியிருக்கிறேன், வலுக்கட்டாயமாகத் திருகிப் புரியைக் கெடுக்க வேண்டாம் என்றும். கோலை உள்ளே விட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்துவிட்டானாம்.