எர்பியக் கண்ணாடியில் ஒளிக்கு வழி அமைத்த அனுபவம்

எர்பியம் என்ற அருமண் தனிமம் கலந்த கண்ணாடித் துண்டில் ஒளி ஓடுவதற்கு ஓர் அலைவழி அமைக்க வேண்டும். திருகோணமலையில் நான் செய்த இறுதியாண்டுச் செயற்றிட்டம் அதுதான். “அருமண் நம் புல்மோட்டை மணலிலேயே இருக்கிறதே தம்பி, ஏன் வெளியிலிருந்து எடுக்கிறீர்கள்?” என்று ஆய்வுகூடத்து அண்ணர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த மணலிலுள்ள மொனசைட் என்ற கனிமத்தில் சீரியம், லந்தனம், நியோடிமியம்தான் அதிகம். எர்பியம் மிகச் சொற்பம்.

தொலைத்தொடர்பு நார்களில் 1550 நனோமீற்றர் அளவிலான ஒளியைப் பெருக்குவது எர்பியம். நாரில் அதற்குப் பல மீற்றர் நீளம் கிடைக்கிறது. கண்ணாடிச் சில்லில் சில சென்ரிமீற்றர்தான். ஆகவே எர்பியத்தைச் செறிவாகக் கலக்க வேண்டும். செறிவு மிஞ்சினாலோ அயன்கள் நெருங்கி, சக்தியைத் தமக்குள்ளேயே கைமாற்றி வீணாக்கிவிடும்.

முதலில் சாதாரண நுணுக்குக்காட்டி வழுக்கிகளில் பழகினேன். பொற்றாசியம் நைத்திரேற்று 334 பாகை செல்சியசில் உருகும். அதற்குச் சற்று மேலான வெப்பநிலையில் கண்ணாடியை அமிழ்த்தி வைத்தால், சோடியம் அயன்கள் வெளியேறிய இடங்களில் பொற்றாசியம் அயன்கள் புகுந்துகொள்ளும். இதனால் மேற்பரப்பின் முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 0.01க்கும் குறைவாகவே உயரும். ஒளியைப் பிடித்துவைக்க அதுவே போதும். உப்பையும் கண்ணாடியையும் நன்றாக உலர்த்தியே உலையில் வைக்க வேண்டும்; ஈரம் பட்டால் உருகிய உப்பு தெறிக்கும்.

என் பொறுமையைச் சோதித்தது விளிம்பு மினுக்கல்தான். அலைவழி மேற்பரப்பிலிருந்து சில மைக்ரோமீற்றர் ஆழத்துக்குள்ளேயே கிடக்கிறது. விளிம்பு மிகச் சிறிதாகச் சிதைந்தாலும் ஒளி உள்ளே நுழையாது. இரண்டு துண்டுகளை முகத்துக்கு முகம் வைத்து மெழுகால் ஒட்டி, அலுமினாத் தூளில் பருமனிலிருந்து நுண்மைக்குப் படிப்படியாகத் தேய்த்தால் விளிம்பு வட்டமாகாமல் நிற்கும். ஒவ்வொரு படியிலும் முந்தைய தூளை ஒரு துகள்கூட மிச்சமின்றிக் கழுவ வேண்டும். இதில் அவசரமே கூடாது.

பிறகு எர்பியக் கண்ணாடி. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, கண்ணுக்குத் தெரியாத 980 நனோமீற்றர் லேசரை விளிம்பில் குவித்தேன். துண்டுக்குள் மெல்லிய பச்சைக் கோடு எழுந்தது! நுழைவாயிலில் பளிச்சென்று தொடங்கி, போகப் போக மங்கியது. அண்ணரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அந்தப் பச்சை அழகுதான், ஆனால் பெருக்கத்துக்கு அது இழப்பு. 1550 அளவில் வெளிவர வேண்டிய சக்தி மேலேறிப் பச்சையாகக் கசிகிறது. இற்றர்பியம் என்ற இன்னோர் அருமண் தனிமமும் சேர்ந்த பொசுபேற்றுக் கண்ணாடியில் இந்தக் கசிவு குறையும். அடுத்து அந்தக் கண்ணாடியில்தான் வேலை செய்யப் போகிறேன்.