கிமெல் மேல் ஒரு கோடு

நேற்று ராத்திரி ஒரு லடீனோ பாட்டை (ஸ்பெயின் வழி யூதர்கள் பேசிய ஸ்பானிஷ்) ராஷி எழுத்திலேயே (எபிரேய எழுத்தின் ஒரு வடிவம்) முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்தேன். பன்னிரண்டே வரி. நான்கு மாதம் ஆனது. சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

சமெக் என்ற எழுத்தும் சொல்லின் கடைசியில் வரும் மேம் எழுத்தும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். என்னைப் படாதபாடு படுத்தியது எழுத்துக்கு மேலே வரும் சின்னக் கோடுதான். அது இருந்தால் பே ‘ஃப’ ஆகும், பேத் ‘வ’ ஆகும், கிமெல் ‘ச்ச’வோ ‘ஜ’வோ ஆகும். நான் எடுத்த நகலில் மை மங்கி, பாதிக் கோடுகள் காணாமல் போயிருந்தன. இல்லாத சொற்களை மூன்று வாரம் அகராதியில் தேடினேன்! தெளிவில்லாத ஸ்கேனைத் தொடாதீர்கள்.

கோடு கிடைத்ததும் உயிரெழுத்து மல்லுக்கட்டியது. ஓ, ஊ இரண்டுக்கும் வாவ்தான்; ஏ, இ இரண்டுக்கும் யோத்துதான். ‘இரவு’ என்ற சொல்லுக்கு நூன், வாவ், கோடு போட்ட கிமெல், யோத் என நாலே எழுத்து. நோச்சே, நோச்சி, நூஜே, எப்படியும் படிக்கலாம். ஸ்பானிஷ் தெரிந்தவர் நோச்சே என்று முடித்துவிடுவார். ஆனால் பால்கன் ஊரான மொனாஸ்டிர் பக்கம் கடைசி ஏகாரம் இகரமாகிவிடும்; அங்கே அது நோச்சி. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தோர் ஊருக்கு ஊர் எப்படிப் பேசினார்கள் என்பதை இந்த எழுத்து மூடி வைத்துவிடுகிறது. எகர ஏகார வேறுபாடு இல்லாத ஓலைச்சுவடியோடு போராடியவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். என் பாட்டு இஸ்தான்புல் அச்சு, அதனால் நோச்சே என்றே பாடிக்கொண்டேன்.

மெட்டு? அதற்கு இஸ்ரேல் நஜாரா என்ற எபிரேயக் கவிஞரைத்தான் பிடிக்க வேண்டும். 1587இல் கலிலேயாவின் ஸஃபேத் ஊரில் அச்சான அவருடைய எபிரேயப் பாட்டுத் தொகுப்பில், பாட்டின் தலையில் ஸ்பானிஷ் அல்லது துருக்கிப் பாட்டொன்றின் முதலடி இருக்கும், அந்த மெட்டில் பாடு என்று. நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் ‘வர்ணமெட்டு’ என்று போடுவார்களே, அதே வழக்கம். ஸ்வரம் கிடையாது. அன்று எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, எழுதி வைப்பானேன்?

இதை முடிக்குமுன்பே மனசு நடனத்துக்குத் தாவிவிட்டது. இத்தாலியின் பெஸாரோ ஊர் குலியெல்மோ எப்ரேயோ, யூத நடன ஆசான், 1463இல் எழுதிய நூலை எடுத்து வைத்திருக்கிறேன். பின்னால் மதம் மாறி ஜொவான்னி அம்ப்ரோஸியோ ஆனவர். அவருடைய குரு தொமேனிகோவின் கணக்கில் நடன வேகங்கள் நான்கு; பாஸாதான்ஸாவில் ஒரு அளவுக்குப் பிடிக்கும் நேரம் ஆறு பங்கு என்றால் குவாதெர்னாரியா ஐந்து, சால்தரெல்லோ நான்கு, பீவா மூன்று. பாஸாதான்ஸாவை நிமிடத்துக்கு 30 அளவு என்று வைத்தால் மற்றவை 36, 45, 60. தாளம் தட்டும் மெட்ரோனோமில் வைத்துப் பார்த்தேன். 36க்கு மாறும் இடத்தில் கால் இன்னும் பழைய 30லேயே நிற்கிறது.

அப்புறம், லடீனோ பேசியவர்களின் கல்யாணங்களில் பெண்கள் தட்டிப் பாடிய பாண்டேரோவுக்காக வாங்கிய சட்டப் பறை மழைக்காலத்தில் தொய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோல் மாற்ற வேண்டும்.