கையெழுத்து நன்றாக இருக்கிறதே

பொறியியல் மாணவர்களின் கொங்கிரீட் செய்முறை அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அது கண்ணில் பட்டது. மேசையில் எட்டுக் குழுக்களின் எட்டு அறிக்கைகள். ஒரு குழுவுக்கு ஐந்து பேர்; ஐந்தில் ஒருவரோ இருவரோ பெண்கள். எட்டு அறிக்கைகளும் பெண்களின் கையெழுத்தில் இருந்தன. அடிமட்டம் வைத்துக் கீறிய அட்டவணைகள், இரண்டு நிற மையில் தலைப்புகள், ஒரு வெட்டுக் குத்துக்கூட இல்லை. பதினொரு வருடமாக இந்தப் பாடத்துக்குப் புள்ளி போடுகிறேன். எட்டுக்கு எட்டு என்பது அன்றுவரை எனக்கு ஒரு செய்தியாகவே தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் வேறு யாருமில்லை. செய்முறை தொடங்குமுன், "நல்ல கையெழுத்து உள்ள ஒருவர் பதிவெடுங்கள்" என்று சொல்லிவிட்டு அச்சுப் பெட்டிகளை எண்ணப் போவது என் வழக்கம். நான் திரும்புவதற்குள் பேனா ஒரு பெண்ணின் கைக்குப் போயிருக்கும். யாரும் கட்டாயப்படுத்தியதில்லை, யாரும் மறுத்ததுமில்லை.

எனக்கும் நல்ல கையெழுத்துதான். 1990களின் இறுதியில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போரால் மூடிக்கிடந்த காலத்தில், கப்பலேறித் திருகோணமலை போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் பொறியியல் படிக்கப் போனவர்களில் நானும் ஒருத்தி. பட்டறையில் ஒருவர் கடைசல் இயந்திரத்தை ஓட்டுவார், ஒருவர் வேணியர் இடுக்கிமானியைப் பிடிப்பார், இன்னொருவர் அளவை உரத்துச் சொல்வார், நான் எழுதுவேன். நான்கு வருடத்தில் அந்த இயந்திரத்தில் என் கை பட்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு பாட நேரம் தேறாது. அறிக்கைக்கு மட்டும் எங்கள் குழு எப்போதும் அதிக புள்ளி வாங்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இயந்திரம் எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் என் பெரியப்பா நீர்ப்பம்பி திருத்தும் கடை வைத்திருந்தார். 1990இல் மின்சாரம் நின்று, பொருளாதாரத் தடையில் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்ற நாட்களில், பம்பிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை அது. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கயிறு சுற்றி இழுப்பது என் வேலை. விரல் சின்னதாக இருந்ததால் காபரேட்டரின் நுண்துளைத் திருகைக் கழற்றித் துடைத்து மாட்டுவதும் என் வேலைதான். பன்னிரண்டு வயதில் பம்பிக்குள் போக முடிந்த விரல், இருபத்திரண்டு வயதில் பேனா பிடிக்க மட்டுமே உகந்ததாக ஆகிப்போனது எப்படி என்று அப்போது நான் யாரையும் கேட்கவில்லை. என்னையும் கேட்டுக்கொள்ளவில்லை.

பொறியியல் கல்வியில் சமத்துவம் என்று யாழ்ப்பாணத்தில் பேச்செடுத்தால் பேச்சு நேரே பல்கலைக்கழக அனுமதி என்ற வாசலுக்குப் போய் நின்றுவிடும். பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மாற்றியமைத்த 1970களின் தரப்படுத்தல் எங்கள் வீடுகளில் இன்னும் ஆறாத காயம். அதைப் பற்றிப் பேசாத மாமா யாருக்கும் இல்லை. இன்றைய கணக்கும் எல்லோருக்கும் மனப்பாடம்: 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைத் தசமத்தின் நாலாம் இடம்வரை வைத்து வாதாடுவோம். வாசல் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே போன பிள்ளைக்கு எந்த இடம் கிடைக்கிறது, கையில் பேனாவா, கொங்கிரீட்டைக் குத்தும் கம்பியா என்பதை அந்தப் புள்ளி சொல்லாது. முன்னோடிகளுக்கும் எங்களிடம் குறைவில்லை. இலங்கையின் முதல் பெண் பொறியியலாளரே ஒரு தமிழ்ப் பெண்தான். பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை 1960களிலேயே பொறியியல் படித்து முடித்தவர். மகளிர் தின மேடைகளில் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டுவோம். அடுத்த திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் பதிவுப் புத்தகம் பழைய கைக்கே போகும்.

அடுத்த தவணையில் சீட்டுக் குலுக்கத் தொடங்கினேன். ஐந்து அட்டைகள்: கலப்பவர், குத்துபவர், அளப்பவர், எழுதுபவர், கழுவுபவர். ஒவ்வொரு கிழமையும் அட்டை மாறும். பெரிய திட்டமெல்லாம் இல்லை, பழைய கலண்டர் மட்டையில் வெட்டிய அட்டைகள்தான்.

முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். 150 மில்லிமீற்றர் கியூப், வலிமையைச் சோதிக்க வார்க்கும் கொங்கிரீட் கனசதுரம். மூன்று படையாக நிரப்ப வேண்டும், ஒவ்வொரு படைக்கும் 35 குத்து. குத்தும் கம்பி 1.8 கிலோ, தூக்கிப் பார்த்தால் பாரமே இல்லை, இருபதாவது குத்தில்தான் தோள் அதை உணரும். குத்துபவர் அட்டை ஒரு மெலிந்த பெண்ணுக்கு விழுந்தது. அவள் சல்வாரின் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தொடங்கினாள். பத்தாவது குத்திலேயே பக்கத்தில் நின்றவன் கையை நீட்டினான்.

"தாரும், நான் குத்துகிறேன்."

"இது என் அட்டை."

இருபத்திரண்டில் மறுபடியும், "கை நோகும், தாரும்." அவன் கெட்ட பையன் இல்லை. வகுப்பிலேயே தன்மையான பிள்ளை அவன்தான். அதனால்தான் அந்தக் காட்சி எனக்குள் இன்னும் நிற்கிறது. கேலி செய்திருந்தால் ஒரு அதட்டலில் முடிந்திருக்கும். இரக்கத்தை எப்படி அதட்டுவது? அவள் கணக்குத் தவறிவிட்டாள். என்னைப் பார்த்தாள். "படையை வழித்தெடுத்துவிட்டு முதலில் இருந்து குத்தும், பிள்ளை" என்றேன். அவனைப் பார்த்து, "தம்பி, நீர் எண்ணும். வாயால் மட்டும்" என்றேன். இருவருமாக முப்பத்தைந்து வரை போனார்கள். மூன்று கியூப் குத்தி முடித்தபோது அவளுடைய உள்ளங்கையில் ஒரு கொப்புளம். அதை அவள் விடுதித் தோழிகளிடம் காட்டிக்கொண்டிருந்ததைப் பிறகு பார்த்தேன்.

கழுவும் அட்டைதான் பெரிய வில்லங்கம் ஆனது. அதுவரை சீமெந்து காய்ந்த அச்சுகளையும் வாளிகளையும் அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள். ஆய்வுகூட உதவியாளர் ஐயா ஐந்து மணிக்குப் பிறகு தனியாக இருந்து சுரண்டுவார். மூன்றாம் கிழமை ஒரு தகப்பனார் என்னைத் தேடி வந்தார். மகன் பொறியியலாளராக வருவதற்குப் படிக்க வந்தவன், அவனை வாளி கழுவ விட்டிருக்கிறீர்களாமே என்றார், மிகவும் மரியாதையாக. ஒரு அச்சின் உள்மூலையில் காய்ந்த கொங்கிரீட் அரை மில்லிமீற்றர் நின்றால் அடுத்த கியூப் சதுரமாக வராது, சதுரமாக வராத கியூப் பொய்ப் பெறுபேறு தரும் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பும்போது, "அதற்குத்தானே மிஸ் ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குள் எங்கள் ஊரின் முக்கால்வாசி இருக்கிறது. பொறியியலாளர் என்ற பட்டம் வேண்டும், கையில் அழுக்குப் படக் கூடாது. அழுக்குக்கு வேறு ஆட்கள். அந்த வேறு ஆட்கள் யார் என்பதை நாங்கள் வாய் திறந்து சொல்வதில்லை. கேள்வி கேட்டே தெரிந்துகொள்வோம். யாழ்ப்பாணத்தில் "எந்த ஊர்?" என்பது முதல் படிதான். "ஊரில் எந்தப் பக்கம்?", "எந்தக் கோயிலடி?", "அப்பா என்ன செய்கிறார்?" என்று அது படிப்படியாக இறங்கும். கடைசிப் படியில் சாதி உட்கார்ந்திருக்கும். 1920களின் இறுதியில் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று வந்தபோது, அது பொறுக்காமல் பள்ளிக்கூடங்களையே கொளுத்திய மண் இது. இப்போது யாரும் கொளுத்துவதில்லை, விசாரிக்கிறோம். நானும் விசாரித்தவள்தான். முதல் நாள் அறிமுகத்தில் ஊரையும் தகப்பன் தொழிலையும் சொல்லச் சொல்வேன். நெருக்கமாகப் பழகத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை நிறுத்த வைத்தவன் ஒரு பையன். முறை வந்தபோது ஊரை மட்டும் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு ஒரு நாள், கொங்கிரீட்டை இறுக்கும் வைபிரேட்டரின் பெற்றோல் இயந்திரம் கிளம்ப மறுத்தது. உதவியாளர் ஐயா கயிறு இழுத்தே களைத்துப்போனார். இவன் அருகே வந்து குந்தினான், ஒரு முறை கயிற்றை இழுத்துக் காது கொடுத்தான், தீப்பொறிச் செருகியைக் கழற்றி முகர்ந்து பார்த்தான், சட்டை நுனியால் துடைத்து, இடைவெளியைச் சரிபார்த்து மாட்டினான். இரண்டாம் இழுவையில் இயந்திரம் ஓடியது. பெரியப்பாவின் கடை மணம் எனக்கு மூக்கில் ஏறியது. எங்கே பழகினாய் என்று கேட்டேன். "ஒரு இடத்தில், மிஸ்." அவ்வளவுதான். தகப்பனார் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்துபவர் என்று வேறொருவர் மூலமாகத்தான் அறிந்தேன். தகப்பன் தொழிலைப் பெருமையாகச் சொல்லக்கூடிய ஒரே வகுப்பறை இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதை ஒளிக்க வேண்டிய இடமாக நான் ஆக்கி வைத்திருந்தேன்.

எழுதும் அட்டை அவனுக்கு விழுந்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. சுற்றுமுறையைப் பெண்களுக்காகத்தான் தொடங்கினேன். ஆனால் பெண்களின் நல்ல கையெழுத்துக்குப் பின்னால் இத்தனை நாளும் ஒளிந்திருந்தவர்கள், ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுத முடியாத பையன்கள். உயர்தரம்வரை தமிழில் படித்துவிட்டு, ஒரே நாளில் ஆங்கிலத்துக்குள் தள்ளப்படுகிறார்கள். திருப்பம் என்றால் துலாவை வைத்து விளக்கத் தெரிந்தவன், அதையே ஆங்கிலத்தில் "மோமென்ட்" என்று கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறான். நகரப் பாடசாலைப் பிள்ளைக்கும் கரையோரப் பாடசாலைப் பிள்ளைக்கும் நடுவே உள்ள தூரம் கணிதத்தில் அல்ல, இங்கேதான் கிடக்கிறது. அவன் வெற்றுத் தாளைக் கொண்டுவந்து நின்றான்.

"தமிழில் எழுதிக் கொண்டுவாரும். பிறகு இரண்டு பேருமாக ஆங்கிலத்துக்கு மாற்றுவோம்."

சக விரிவுரையாளர் ஒருவர் தரம் விழுந்துவிடும் என்றார். 1860களிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்து வைத்தியர்களை உருவாக்கியதைச் சொன்னேன். அது அந்தக் காலம் என்றார். வாதம் அதோடு நின்றது; நானும் வெல்லவில்லை.

அவனுடைய அறிக்கை இரண்டு பக்கம். 28ஆம் நாள் உடைத்தபோது ஒரு கியூப் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த சுமையிலேயே நொறுங்கியிருந்தது. இத்தனை வருடமும் இப்படி நேர்ந்தால் அறிக்கைகளில் ஒரே வசனம்தான் வரும், மூத்த மாணவரின் அறிக்கையிலிருந்து வழிவழியாகப் பிரதி செய்யப்பட்ட ஆங்கில வசனம்: மனிதத் தவறு காரணமாக இருக்கலாம். இவன் எழுதியிருந்தான்: "கடைசிப் படையைக் குத்தும்போது நாங்கள் கதைத்துக்கொண்டிருந்தோம். எண்ணிக்கை தவறியது. அச்சைக் கழற்றியபோதே ஒரு மூலை தேன்கூடு போல இருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்." பதினொரு வருடத்தில் நான் வாசித்த முதல் உண்மையான செய்முறை அறிக்கை அது. முழுப் புள்ளி போட்டேன். குழுவில் மற்றவர்களுக்கு அவன்மேல் கொஞ்சம் கோபம்.

வெளியே நிலைமை இன்னும் கரடுமுரடு. தொழிற்பயிற்சிக்கு இடம் கேட்டுத் தொலைபேசி எடுத்தால், "ஆண் பிள்ளைகள் இல்லையா மிஸ்?" என்பதுதான் பாதி இடங்களில் முதல் கேள்வி. கட்டுமானத் தளத்தில் பெண்ணுக்கு மலசலகூடம் கிடையாது என்பதுதான் காரணம். ஒரு ஒப்பந்தக்காரர் நான் விடாமல் நச்சரித்ததில் தகரம் அடித்து ஒன்று கட்டிக் கொடுத்தார், பூட்டும் போட்டார். இரண்டு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தபோது அந்தப் பிள்ளை காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றாள். சாவி வாசலில் காவலாளியிடம். ஒவ்வொரு முறையும் அத்தனை பேருக்கும் நடுவே நடந்து போய்க் கேட்டு வாங்க வேண்டும். இன்னொரு சாவி வெட்டுவித்து அவளிடம் கொடுக்க மூன்று நாள் பிடித்தது.

அட்டைகள் இப்போது மூன்றாம் செட். முதல் இரண்டும் சீமெந்துத் தண்ணீரில் ஊறிப்போயின. சில குழுக்கள் நான் அந்தப் பக்கம் போனதும் அட்டையை மாற்றிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும். சில பெண்களே எழுதும் அட்டையைக் கேட்டு வாங்குகிறார்கள், அதில் புள்ளி நிச்சயம் என்பதால். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போன மாதம் துறைக் கூட்டம். பாடத்திட்டத்தில் சமவாய்ப்பு என்பது நிகழ்ச்சி நிரலில் நாலாவது விடயம். மேசையைச் சுற்றி ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் பெண்கள். கூட்டக் குறிப்பை யார் எழுதுவது என்று தலைவர் சுற்றிப் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து நின்றது.

"மிஸ், நீங்கள் எழுதுங்களேன். உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கிறதே."

எழுதினேன். நாலாவது விடயத்துக்கு அரைப் பக்கம் வந்தது.